வீட்டுக் கடன் கைக்கு வரும் வரை புதுக் கார்ட் வேண்டாம்

“மிஸ், கார்ட்ட வாங்கி அலுமாரியில வச்சதோட சரி. ஒரு தடவகூட தேய்க்கல. அதுக்கும் வீட்டு லோனுக்கும் என்னா சம்பந்தம்?”

ஹட்டனில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஆசிரியர்கள். தாதியர், தபால் கந்தோர் ஊழியர், கொழும்பில் கடை வைத்திருக்கும் பிள்ளைகள் என்று மற்றவர்களும் உண்டு. எல்லோரும் படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள். ஆனால் கேள்வி வரும்போது காலம் கடந்திருக்கும். கேட்ட கடன் குறைந்திருக்கும், அல்லது அடியோடு நின்றிருக்கும். அதற்கு முன்பே இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு லயத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அம்மா கொழுந்தெடுத்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார். அந்தக் காம்பரா எங்களுடையது இல்லை என்பது சின்ன வயதிலேயே எங்களுக்குத் தெரியும். தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யும் வரைதான் அது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசின் பெயரிலும் தேயிலை கம்பனியின் பெயரிலும் இருக்க, லயத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தவர்களின் பெயரில் ஒரு துண்டு நிலமும் இருக்கவில்லை. ஏழு பேர்ச் காணியும் உறுதியும் என்ற பேச்சு பல வருடங்களாக நடக்கிறது. இந்திய உதவியில் வீடுகள் எழும்புகின்றன. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது கூட்டத்தில் இருந்த கிழவிகள் அழுததை நான் பார்த்தேன். அந்த வீடுகள் கிடைத்தவர்களுக்குக் கடன் தேவையில்லை. காத்திருக்க முடியாதவர்கள், காத்திருந்து அலுத்தவர்கள், தோட்டத்துக்கு வெளியே டிக்கோயாவிலோ கொட்டகலையிலோ தலவாக்கலையிலோ பத்துப் பன்னிரண்டு பேர்ச் தனியார் காணியைப் பார்த்துவிட்டு வங்கிக்கு வருகிறார்கள்.

ஹட்டன் நேஷனல் வங்கியின் வேர், 1888 இல் இந்த ஊரில் தோட்டங்களின் தேவைக்காகத் தொடங்கப்பட்ட ஹட்டன் வங்கியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வங்கி வாசற்படியில் ஏறியவர்கள் தோட்டத் துரைமார். இன்று இந்த டவுனில் எந்த வங்கிக்குள் போனாலும், வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் கொழுந்தெடுத்தவர்களின் பிள்ளைகள். தங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக ஒரு உறுதியில் பெயர் எழுதப்போகிறவர்கள் அவர்கள். அந்த வீட்டுக் கடன் கிரெடிட் கார்ட் என்ற ஒரு சின்னப் பிளாஸ்டிக் அட்டையால் கெட்டுப்போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

எப்படிக் கெட்டுப்போகிறது என்பதற்கு ஒரு ஆசிரியத் தம்பதியின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிடுகிறேன். டிக்கோயாவில் பாதி கட்டி முடித்த ஒரு வீட்டுக்கு விலை பேசி, அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்துக்குள் மீதிப் பணம் தருவதாக நொத்தாரிஸ் முன்னால் உடன்படிக்கையும் எழுதிவிட்டார்கள். வங்கி இருவரின் சம்பளத்தையும் பார்த்து, கொள்கையளவில் கடன் தரலாம் என்று கடிதம் கொடுத்தது. அந்தக் கடிதத்தை அவர்கள் பணம் வந்தது மாதிரியே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த மாதக் கடைசியில் சம்பளம் எடுக்க டவுனுக்குப் போன இடத்தில், குடை பிடித்துக்கொண்டு மேசை போட்டிருந்த இளைஞர்கள் கூப்பிட்டார்கள். அரசாங்க ஆசிரியர் என்றால் சம்பளப் பட்டியலும் அடையாள அட்டைப் பிரதியும் போதும், முதல் வருடக் கட்டணம் இல்லை. கணவர் பெயரில் ஒரு கார்ட், மனைவி பெயரில் ஒரு கார்ட். புது வீட்டுக்குப் போகப்போகிறோமே என்று குளிர்சாதனப் பெட்டியும் சோபா செட்டும் வாங்கினார்கள். இருபத்துநான்கு மாதத் தவணை, வட்டி பூச்சியம்.

பணம் விடுவிக்கும் முன்னர் வங்கி இருவரின் கடன் அறிக்கையையும் மறுபடி எடுத்துப் பார்த்தது. முதல் தடவை பார்த்தபோது இல்லாத இரண்டு கார்ட்கள் அதில் இருந்தன. கணக்கை மறுபடி போட்டார்கள், கடன் தொகை இறங்கியது. வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் ஒரு பெரிய துண்டு விழுந்தது. கடைசியில் அந்த அம்மா நகையை அடகு வைத்து இரண்டு கார்ட்டையும் முழுதாகக் கட்டி மூடினார். மூடியதற்குக் கடிதம் வாங்கி, அறிக்கையில் அது பதிவாகும் வரை காத்திருந்து, விற்பவரிடம் கெஞ்சித் தவணை வாங்கி, பேசிய விலைக்கு மேலே கொஞ்சம் கொடுத்து உறுதியை எழுதினார்கள். வீடு கிடைத்துவிட்டது. பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை, அட்வான்ஸ் பணமே போய்விடும்.

தேய்க்காத கார்ட்டுக்கும் வீட்டுக் கடனுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன்.

வீட்டுக் கடன் தரும் வங்கி முதலில் பார்ப்பது உங்கள் வருமானத்தில் எவ்வளவு ஏற்கனவே கடனுக்குப் போகிறது என்பதை. ஒரு குடும்பத்தின் மாத வருமானம் 150,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதிக்கு மேல் தவணைகளுக்குப் போகக்கூடாது என்று அந்த வங்கி வைத்திருந்தால் எல்லை 75,000. முச்சக்கர வண்டி லீசிங்குக்கு ஏற்கனவே 18,000 போகிறது. மீதி 57,000. வருடத்துக்கு 12 வீத வட்டியில் இருபது வருடத்துக்கு ஒரு இலட்சம் கடன் எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 1,101 ரூபாய் வரும். ஆகவே 57,000 ரூபாய்த் தவணைக்கு ஏறத்தாழ 51.8 இலட்சம் கடன் கிடைக்கும்.

இப்போது அந்தக் குடும்பம் மூன்று இலட்சம் எல்லையுள்ள ஒரு கார்ட்டை வாங்குகிறது. ஒரு சதமும் செலவழிக்கவில்லை. ஆனால் வங்கியின் பார்வையில் அந்த மூன்று இலட்சத்தை நாளைக் காலையிலேயே ஒரே கடையில் தேய்த்துவிட உங்களால் முடியும். ஆகவே பல வங்கிகள் கார்ட்டின் எல்லையில் ஒரு பங்கை மாதக் கடப்பாடாகவே எழுதிக்கொள்ளும். அந்தப் பங்கு 5 வீதம் என்றால் மாதம் 15,000. மீதியிருந்த 57,000 அப்போது 42,000 ஆகிவிடும். அதற்குக் கிடைக்கும் கடன் ஏறத்தாழ 38.1 இலட்சம். அலுமாரியில் தூங்கும் மூன்று இலட்சம் ரூபாய்க் கார்ட் பதின்மூன்றரை இலட்சத்துக்கு மேல் வீட்டுக் கடனை விழுங்கிவிட்டது. கூரைக்கு வைத்திருந்த பணம் அது. வட்டியும் வீதமும் வங்கிக்கு வங்கி மாறும், ஆனால் கணக்கின் போக்கு எங்கும் இதுதான். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டியபோது முகம் மாறாத ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

வட்டியில்லாத் தவணைக்கு வாங்கிய சோபாவும் இந்தக் கணக்கில் தப்பாது. கடைக்காரருக்கு முழுப் பணத்தையும் கார்ட் வங்கி கொடுத்துவிடும். நீங்கள் கட்டி முடிக்க வேண்டிய தொகை உங்கள் பெயரில் கடனாக நிற்கும். வட்டி இல்லை என்பது உண்மை. கடன் இல்லை என்று யாரும் சொல்லவில்லையே.

வங்கிக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது? இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் என்று ஒன்று இருக்கிறது. 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது; தெற்காசியாவில் இப்படி அமைந்த முதல் நிறுவனம். மத்திய வங்கியும் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் அதன் பங்குதாரர்கள். நம் ஆட்கள் அதைக் கிறிப் என்பார்கள். “அவரு பேரு கிறிப்ல விழுந்துட்டு” என்று சொன்னால் இனி எங்கும் கடன் கிடைக்காது என்று பொருள் கொள்வார்கள். அந்தப் பயத்தை முதலில் விட வேண்டும். கிறிப் கறுப்புப் பட்டியல் கிடையாது. வங்கியிலோ லீசிங் கம்பனியிலோ கடன் எடுத்த எல்லோருடைய பெயரும் அங்கே இருக்கிறது. ஒழுங்காகக் கட்டியவரின் ஒழுங்கும் அங்கேதான் பதிவாகிறது. கடன் கொடு, கொடுக்காதே என்று பணியகம் யாருக்கும் சொல்வதில்லை. அது தகவலைத் தருகிறது, முடிவு வங்கியுடையது.

அந்த அறிக்கையில் நீங்கள் எடுத்த கடன்கள், கட்ட வேண்டிய மீதி, தவணை பிந்திய மாதங்கள், பணமில்லாமல் திரும்பிய காசோலைகள் எல்லாம் இருக்கும். வேறு இரண்டு விடயங்களும் இருக்கும், அவற்றைத்தான் பலர் அறிந்திருப்பதில்லை. ஒன்று, எந்தெந்த நிறுவனங்கள் உங்கள் அறிக்கையை அண்மையில் கேட்டுப் பார்த்தன என்ற பதிவு. கார்ட்டுக்கு விண்ணப்பித்தால், அது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கேட்ட தடம் அங்கே நிற்கும். ஒரே மாதத்தில் மூன்று இடத்தில் கார்ட் கேட்டவரின் அறிக்கையைப் பார்க்கும் கடன் அதிகாரிக்கு ஒரே எண்ணம்தான் வரும்: இவருக்கு என்ன பண நெருக்கடி? அவருக்கு நெருக்கடியே இல்லாமலிருக்கலாம். மேசை போட்ட பையன்களைப் பார்த்துப் பாவம் என்று மூன்று படிவத்தில் கையெழுத்து வைத்திருக்கலாம். தாள் அதைச் சொல்லாது.

மற்றது பிணை. எங்கள் மலையகப் பாடசாலைகளில் ஒருவர் கடன் எடுத்தால் ஓய்வறையில் இருக்கும் இருவர் பிணைக் கையெழுத்து வைப்பது சாதாரண விடயம். மறுத்தால் மனஸ்தாபம் வரும். ஆனால் அந்தக் கையெழுத்தும் உங்கள் அறிக்கையில் பிணையாளி என்ற தலைப்பின் கீழ் உட்காரும். எடுத்தவர் கட்டாமல் விட்டால் அதுவும் அங்கே தெரியும். ஒரு விஞ்ஞான ஆசிரியை தன் பெயரில் ஒரு ரூபாய்க் கடனும் இல்லாமல், நண்பிக்குப் போட்ட கையெழுத்தால் மாதக்கணக்கில் அலைந்தது எனக்குத் தெரியும். பிணைக் கையெழுத்தே வைக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கையெழுத்துகளால்தான் எங்கள் பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகம் போனார்கள். வீடு வாங்கும் வருடத்தில் மட்டும், “இந்த வருசம் நானே லோன் போட்டிருக்கேன் டீச்சர், கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லிவிடுங்கள்.

கடனைச் சொல்லும் தாள் ஒன்று நாம் எங்கே குடியிருப்பது என்பதைத் தீர்மானிப்பது எங்கள் சமூகத்துக்குப் புதிதில்லை. அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்குக் கங்காணி கூட்டிவந்த நாளிலிருந்தே ஆளின் பெயரில் கடன் ஏறத் தொடங்கிவிடும்: வழிச் செலவு, அரிசி, கம்பளி. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். இவ்வளவு தொகை கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று அதில் இருக்கும். புதுத் தோட்டம் தொகையைக் கட்டி ஆட்களை எடுக்கும், கடன் அவர்களோடு புது லயத்துக்கும் வரும். 1921 இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. அந்தத் துண்டில் எழுதியதை வாசிக்க எங்கள் பாட்டன் பூட்டனுக்குத் தெரியாது, அதைத் திருத்தக் கேட்கும் உரிமையும் கிடையாது. இன்றைய அறிக்கையை நீங்கள் வாங்கலாம், வாசிக்கலாம், பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம். இவ்வளவு பெரிய உரிமை கையில் இருக்க, அந்தத் தாளை ஒரு தடவைகூடப் பார்க்காமல் வீட்டுக் கடனுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கும்.

ஆகவே வீடு வாங்கும் எண்ணம் வந்தவுடன், காணி பார்க்கப் போகும் முன்பே, உங்கள் அறிக்கையை எடுங்கள். தேசிய அடையாள அட்டையோடு பணியகத்திடம் விண்ணப்பிக்கலாம், வங்கி ஊடாகவும் எடுக்கலாம். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பது புதுக் கடன் தேடுவதாகக் கொள்ளப்படாது. எப்போதோ கட்டி முடித்த லீசிங் இன்னும் முடியாததாக நிற்கிறதா, எடுக்காத கடன் ஏதும் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் பணியகத்திடம் முறையிட வேண்டும். அதைத் திருத்த வேண்டியது தகவல் கொடுத்த நிறுவனம். இதற்கெல்லாம் வாரங்கள் போகும். உடன்படிக்கையின் நாள்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைத் தொடங்கினால் தாங்காது.

கணவன் மனைவி சேர்ந்து விண்ணப்பித்தால் இருவரின் அறிக்கையும் பார்க்கப்படும். மகனும் தாயும் சேர்ந்தால் இருவருடையதும். கொழும்பில் வேலை செய்யும் மகன் வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் கார்ட், அம்மா ஊழியர் சேமலாப நிதியிலிருந்து எடுத்து அட்வான்ஸ் கட்டிய வீட்டை நிறுத்திவைத்த சம்பவம் உண்டு. அந்தப் பையன் கெட்டவன் இல்லை. கைத்தொலைபேசி வாங்க ஒரு கார்ட் எடுத்தான், ஒரு தவணை மறந்தான், அவ்வளவுதான். வீட்டுக் கடன் என்று வந்துவிட்டால் குடும்பத்தில் எல்லோரும் ஒரு மாலை உட்கார்ந்து, யார் யாரிடம் என்னென்ன கார்ட், யாருக்கு யார் பிணை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தம்பிக்குக் கொடுத்த துணை அட்டையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் தேய்த்தாலும் பொறுப்பு உங்களுடையது.

இதில் மலைநாட்டுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்ததற்கும் பணம் கைக்கு வருவதற்கும் இடையில் இங்கே காலம் நீளும். காணிப் பதிவகத்தில் முப்பது வருட உரிமை வரலாற்றைத் தேட வேண்டும். நில அளவை வரைபடம், நகர சபையின் அல்லது பிரதேச சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ், அனுமதி பெற்ற கட்டட வரைபடம், மதிப்பீட்டு அறிக்கை எல்லாம் வேண்டும். நுவரெலியா மாவட்டம் மண்சரிவு ஆபத்துள்ள மாவட்டம் என்பதால் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த மலைகளைச் சரித்துப் போட்ட பிறகு அந்தத் தாளை வெறும் சடங்கு என்று யாரும் சொல்வதில்லை. இத்தனை தாளும் சேர மாதங்கள் ஆகும். கட்டும் வீட்டுக்கு என்றால் பணம் ஒரேயடியாக வராது. அத்திவாரம் முடிந்ததும் ஒரு பங்கு, சுவர் எழும்பியதும் ஒரு பங்கு, கூரைக்கு ஒரு பங்கு. இவ்வளவு நீண்ட காலத்தில் மாதச் சம்பள நாள் பல தடவை வரும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் கார்ட்டை நீட்டுவார். கையெழுத்து வைக்க வேண்டாம் என்று நான் சொல்லும் காலம் இதுதான்: விண்ணப்பம் கொடுக்க எண்ணிய நாளிலிருந்து கடைசிப் பங்குப் பணம் கணக்கில் விழும் வரை.

கையிலிருக்கும் பழைய கார்ட்டையும் இந்தக் காலத்தில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டு விலைக்கு மேலே எவ்வளவு பணம் வேண்டும் என்பதைப் பலர் கணக்கெடுப்பதே இல்லை. உறுதி மாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். அறுபது இலட்சம் ரூபாய்ச் சொத்துக்கு 239,000 ரூபாய். நொத்தாரிஸ் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம் இதற்கு வெளியே. கடைசி நேரத்தில் இந்தப் பணத்துக்காகக் கார்ட்டைப் போட்டு ஏடிஎம்மில் காசு எடுப்பார்கள். கடையில் வாங்கும் பொருளுக்குத்தான் வட்டியில்லாத நாள்கள் உண்டு. காசாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் தனி. 28 வீத வட்டியில் 239,000 ரூபாய்க்கு மாதம் 5,500 ரூபாய்க்கு மேல் வட்டி மட்டும் போகும்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022 ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் ஏற்றியது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் எடுத்தவர்களின் தவணை அடுத்தடுத்து ஏறியது. 2020 இல் 18 வீதமாக இருந்த கார்ட் வட்டி 2022 இல் 36 வீதம் வரை போனது. அந்த நேரத்தில் வீட்டுத் தவணையைக் கட்டக் கார்ட்டில் காசு எடுத்தவர்களை என் கண்ணால் பார்த்தேன். எரிவாயு வரிசை, மண்ணெண்ணெய் வரிசை என்று நின்றுவிட்டு வங்கிக்கு வந்து, “மிஸ், இந்த மாசம் மட்டும்” என்பார்கள். அந்த மாதம் அடுத்த மாதத்தையும் இழுத்துக்கொண்டு வந்தது. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கார்ட் வட்டிக்கு 28 வீத உச்சவரம்பு வைத்தது. அதுவும் நான் மேலே கணக்குக்கு எடுத்த 12 வீத வீட்டுக் கடன் வட்டியோடு பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல்.

கார்ட் என்றாலே ஆகாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகள் பலருக்கு எதிர்ப்பக்கப் பிரச்சினை இருக்கிறது. லயத்தில் வளர்ந்து, சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்து, கடையில் பற்று எழுதி வாழ்ந்த குடும்பம். சீட்டை ஒழுங்காகக் கட்டிய நேர்மை எந்தக் கணினியிலும் பதிவாகவில்லை. அப்படிப்பட்ட ஒரு பிள்ளை முதல் தடவையாக வீட்டுக் கடனுக்கு வந்தால் அறிக்கை வெறுமையாக இருக்கும். வெறும் தாளை வைத்து முப்பது நாற்பது இலட்சம் கொடுக்க வங்கி தயங்கும். இவர்களுக்கு ஒரு கார்ட் உதவும். வீட்டுக் கடனுக்கு ஒரு வருடமாவது முன்னதாக, சிறிய எல்லையோடு, ஒரே ஒரு கார்ட். மாதம் வீட்டுச் சாமானை அதில் வாங்கி, பட்டியல் வந்ததும் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு மீதியை உருட்டுவது கூடாது. ஒரு வருடத்தில் பிந்தாமல் கட்டிய பன்னிரண்டு மாதங்கள் அறிக்கையில் நிற்கும். விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்னால் எடுத்த கார்ட்டால் இந்த நன்மை கிடைக்காது, எல்லைத் தொகையின் சுமை மட்டும் வந்து சேரும்.

ஏற்கனவே மூன்று நான்கு கார்ட் வைத்திருப்பவர்கள் தேவையில்லாதவற்றை மூட வேண்டும், அல்லது எல்லையைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டால் கார்ட் மூடப்படுவதில்லை. மூடச் சொல்லிக் கடிதம் கொடுத்து, மீதி எதுவும் இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். மூடிய செய்தி அறிக்கைக்குப் போய்ச் சேரவும் நாள் எடுக்கும், ஆகவே விண்ணப்பத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே செய்துவிட வேண்டும்.

யூடியூபில் தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “நமக்கு 750 வேணுமா மிஸ்?” என்று கேட்கிறவர்கள் நிறைய. அது இந்தியாவின் சிபில் புள்ளி, 300 இலிருந்து 900 வரை போவது. இங்கே கிறிப்பின் புள்ளி 250 இலிருந்து 900 வரை. இரண்டும் வேறு வேறு கணக்கு. அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே ஃபைகோ என்ற புள்ளி முறையில், ஒரு புது விண்ணப்பம் பெரும்பாலானோருக்கு ஐந்து புள்ளிக்கும் குறைவாகத்தான் குறைக்கும். ஆனாலும் வீட்டுக் கடன் முடிவதற்குள் கார்ட் எடுக்காதே என்றுதான் அங்கேயும் சொல்கிறார்கள், ஏனென்றால் உறுதி எழுதும் நாளுக்கு முன்னால் அங்கேயும் அறிக்கையை மறுபடி பார்ப்பார்கள். எங்கள் ஊரில் புள்ளியைவிடப் பெரிய அடி எல்லைத் தொகையிலிருந்து வருகிறது. புள்ளி நல்லாக இருந்தும் கடன் குறைந்துபோன ஆட்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஏற்கனவே விண்ணப்பம் கொடுத்துவிட்டு இடையில் கார்ட்டும் எடுத்துவிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், மறைக்க வேண்டாம். இன்றே கடன் அதிகாரியிடம் போய்ச் சொல்லுங்கள். கார்ட்டை இன்னும் இயக்கத் தொடங்கவில்லை என்றால் அப்படியே ரத்துச் செய்யக் கேளுங்கள். பாவித்திருந்தால் கட்டி மூடி, கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். தானாக வந்து சொன்னவரின் கோப்பை நாங்கள் எடுத்து வைத்துக் காத்திருப்போம். அறிக்கையில் திடீரென்று தெரியும் கார்ட்டுக்கு அந்தப் பொறுமை கிடைப்பது கஷ்டம்.

புது வீட்டுக்கான குளிர்சாதனப் பெட்டி, கட்டில், திரைச்சீலை எல்லாம் வீடு உங்கள் பெயருக்கு வந்த பிறகு வாங்கலாம். முதல் ஓரிரு தவணையைக் கட்டி, கையில் உண்மையிலேயே எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு ஒரு கார்ட் எடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. வீட்டுக் கடன் கொடுத்த வங்கியே அப்போது நல்ல கட்டணத்தில் ஒன்றைத் தர முன்வரும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில வங்கிகளின் வீட்டுக் கடன் விண்ணப்பத்திலேயே, உள்பக்கத்தில் எங்கோ, எங்கள் கடன் அட்டையும் வேண்டும் என்று ஒரு கட்டம் இருக்கும். படிவத்தை நிரப்பும் அவசரத்தில் பிள்ளைகள் அதிலும் சரி போட்டுவிடுகிறார்கள். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி அந்தக் கட்டத்தைத் தேடுங்கள். அது வெறுமையாக இருக்கட்டும்.